மஞ்சள் குடையின் வக்கீல்

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், டயர் கடையில் வேலை பார்ப்பவர். டயரைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தை சொல்வார். மஞ்சள் குடையைப் பற்றிக் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். கேட்காவிட்டாலும் உட்காருவார்.

மஞ்சள் குடை என்பது பர்கர் கடை. எங்கள் பக்கத்து ஊர்களில் மட்டும் கிளை கிளையாகப் பரவி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஒரு கிளைகூடப் போகாத கடை. உலகம் முழுக்க ஓடுகிற பெரிய பர்கர் கம்பெனிகள் எங்கள் ஊருக்கும் வந்து கண்ணாடிச் சுவர் வைத்துக் கடை போட்டன. ஊர் ஜனம் அங்கேயும் போய் வரிசையில் நின்றது. ஆனால் எது ஒசத்தி என்று கேட்டால் மட்டும், அந்த வரிசையில் நின்றுகொண்டே மஞ்சள் குடை என்று சொல்லும்.

வெளியூர்க்காரர் யாராவது சாப்பிட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினால் அதற்கும் பதில் தயாராக இருக்கும். எந்தக் கிளை என்று முதலில் விசாரிப்பார்கள். பஸ் நிலையக் கிளை என்றால், அங்கே போனால் அப்படித்தான், ஆஸ்பத்திரி ரோட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி ரோடுதான் என்றால், சாயங்காலம் போயிருப்பீர்கள், மத்தியானம் போக வேண்டும். மத்தியானம்தான் போனேன் என்றால், சாஸை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு வந்த அப்பாவிக்குக் கடைசிப் பதில் ஒன்று உண்டு: பழைய மாஸ்டர் காலத்தில் சாப்பிட்டிருக்க வேண்டும். அந்தப் பழைய மாஸ்டரைக் கண்ணால் பார்த்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

இந்த வக்கீல் கூட்டத்துக்கு என் அத்தான்தான் தலைமை. சம்பளம் இல்லாத வேலை. கடைக்காரருக்கே இப்படி ஒருவர் இருப்பது தெரியாது.

அத்தானுக்கு இந்தப் பக்தி வந்த கதையை அவர் வாயாலேயே நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இளவயதில் வேலை தேடி இந்த ஊருக்கு வந்தார். காலையிலிருந்து ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, எல்லோரும் அடுத்த மாதம் வரச் சொல்ல, கடைசியாக டயர் கடையில் முதலாளி நாளைக்கு வா என்று சொன்னபோது பொழுது சாய்ந்திருந்தது. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத வயிறு. பஸ் நிலையத்துக்குத் திரும்பி வந்தால் எதிரே மஞ்சள் குடை. ஒரு பர்கரை வாங்கி நடைபாதையில் நின்றபடியே சாப்பிட்டார். அந்தச் சுவைக்கு நிகராக இன்றுவரை எதுவும் நாக்கில் பட்டதில்லை என்பார்.

பசி ருசி அறியாது என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. அன்றைக்கு எதிரே செங்கல் சூளை இருந்திருந்தால், அத்தான் இன்று செங்கல்லுக்கு வாதாடிக்கொண்டிருப்பார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கடையில் நின்றோ உட்கார்ந்தோ ஒரு முறைகூடச் சாப்பிட்டதில்லை. இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கதையே இதில்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் கையில் காசு நின்றதில்லை. கல்யாணம் ஆனவன் தனியாகக் கடையில் உட்கார்ந்து தின்பது குடும்பத்துக்குச் செய்யும் துரோகம் என்பது அவர் கொள்கை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி ரோட்டுக் கிளைக்குப் போவார். பார்சல் வாங்குவார். அவர்கள் மெழுகுத்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்பார்கள். ஸ்கூட்டர் டிக்கியில் துண்டை விரித்து, குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தி, ஊரின் மறுகோடியில் இருக்கும் வீட்டுக்கு வருவார். வழியில் ரயில்வே கேட் வேறு. வாசலிலேயே பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, "அமுக்கிடாத, பாத்து" என்று எச்சரித்துக் குளிக்கப் போவார். புதுச் சட்டை போட்டு, தலை சீவி, தட்டின் முன்னால் வந்து உட்காருவார். தாளைத் தானே பிரிப்பார். வேறு யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்ததும் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார். முதல் கடி கடித்ததும் சொல்வார்:

"மஞ்சள் குடை மஞ்சள் குடைதான்."

நான் எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். கிராமத்திலிருந்து வந்து, அக்கா வீட்டில் தங்கி வேதியியல் படித்தேன். பட்டச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அக்கா வீட்டுக் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்று கதவுக்கு நேர் எதிரே. இப்போது ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை. வீடு மட்டும் மாறவில்லை. ஆகையால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் குளியலறையில் பாடிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் என்ன நடக்கும் என்பதற்கு நான் நேரடிச் சாட்சி.

அக்கா ரப்பர் பேண்டை உருட்டிக் கழற்றிக் கைமணிக்கட்டில் போட்டுக்கொள்வாள். தாளைக் கிழியாமல் பிரித்து ஓரமாக விரித்து வைப்பாள். உள்ளே இருப்பது ஈரத்துணி போலத் துவண்டு கிடக்கும். பன்னை இரண்டாகப் பிரித்து, அந்த வெள்ளைச் சாஸைக் கரண்டியால் வழித்துக் குப்பையில் போடுவாள். அடுப்பில் கல் காயும். வெண்ணெய் போட்டுப் பன்னின் உள்பக்கம் பொன்னிறமாகும் வரை வாட்டுவாள். நடுவில் இருந்த கோழிக்கறியைத் தனியாகப் போட்டு, இடித்த மிளகும் பூண்டும் தூவி, ஓரம் மொறுமொறுப்பாகும் வரை அழுத்தி அழுத்தித் திருப்புவாள். பக்கத்தில் வெங்காயம் பழுப்பு நிறத்துக்கு வதங்கிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி, அதே தாளில் அதே மடிப்பில் சுற்றி, மணிக்கட்டிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றிப் போட்டால் வேலை முடிந்தது. குளியலறைத் தாழ்ப்பாள் சத்தமும் சரியாக அப்போது கேட்கும்.

அத்தானைப் பொறுத்தவரை அவள் பொட்டலத்தோடு சூடு காட்டுகிறாள். அவ்வளவுதான். சில நாள் குளியலறையிலிருந்தே குரல் வரும், ரொம்பச் சூடு காட்டாதே, அவர்கள் கொடுத்த ருசி போய்விடும் என்று.

முதல் முறை பார்த்தபோது, ஏன் இப்படி என்று அக்காவைக் கேட்டேன். கல்யாணமான புதிதில் அவர் கொண்டுவந்த முதல் பொட்டலத்தைச் சமையலறையில் ஒரு கடி கடித்துப் பார்த்தாளாம். வெளியே அவர் சின்னப் பையன் மாதிரிக் காத்திருந்தாராம். அந்த முகத்திடம் போய் எப்படிச் சொல்வது என்று அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள். அது அப்படியே தொடர்கிறது. இதைச் சொல்லி முடித்துவிட்டு அக்கா கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

"வாயத் தொறந்தே, உனக்கு மட்டும் கடையில குடுத்த மாதிரியே தருவேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் படித்தவன் அல்லவா, ஆராயாமல் இருக்க முடியுமா. ஒரு நாள் கல்லூரி முடிந்து தனியாக ஆஸ்பத்திரி ரோட்டுக் கிளைக்குப் போய், மத்தியானமாகப் பார்த்து, சாஸ் கேட்டு வாங்கி, சுடச்சுட அங்கேயே சாப்பிட்டேன். மோசம் என்று சொல்ல முடியாது. மோசமாக இருந்தாலாவது நினைவில் நிற்கும். பன் லேசாக இனித்தது. கறி, இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டு உள்ளே ஒடுங்கிக் கிடந்தது. சாஸ் மட்டும் எல்லோருக்கும் சேர்த்துப் பேசியது. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் சாப்பிட்டபடியே, இது பஸ் நிலையக் கிளை மாதிரி வராது என்று பேசிக்கொண்டது.

இப்படியே போயிருந்தால் ஒருவருக்கும் கேடில்லை. அத்தானின் கடை முதலாளி, டயர் கடையை ஒட்டி ஒரு மூலைக் கட்டடம் வைத்திருந்தார். அதில் இருந்த மரச்சாமான் கடைக்காரர் காலி செய்தார். அத்தானுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. மஞ்சள் குடைக்கு டயர் கடைப் பக்கத்தில் கிளை இல்லை. கேட்டு விண்ணப்பித்தால் கம்பெனி கிளை கொடுக்கிறது. கட்டடம் முதலாளியுடையது, பொறுப்பு தன்னுடையது. இதை அவர் முதலாளியிடம் காலையில் சொன்னார், மத்தியானம் சொன்னார், பூட்டும்போதும் சொன்னார்.

கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர் ஒருவர் உண்டு. அவருக்கு அத்தான் என்றால் பொழுதுபோக்கு. "ரெண்டு பன்னு, நடுவுல ஒரு கறி. டயரும் டியூபும் மாதிரிதானேண்ணே. இதுக்குப் போய் இவ்வளவு காத்து அடிக்கிறீங்க" என்றாராம். அத்தான் அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை.

முதலாளி வாயைக் கட்டிய மனிதர். வீட்டுச் சாப்பாட்டுப் பாத்திரம் வராத நாளில் பட்டினி கிடப்பாரே தவிர வெளியே கை நனைக்க மாட்டார். ஆனால் அத்தானின் நச்சரிப்பில் அவரும் கரைந்தார். கரைந்தவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, நாக்கில் படாத எதிலும் அவர் கை வைப்பதில்லை. ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு. இரண்டாவதை அத்தான் வீட்டில் வந்து அவர் குரலிலேயே நடித்துக் காட்டினார்:

"உன் நாற்காலிக்கு என் மச்சினன் மகன் காத்துக்கிட்டிருக்கான்ப்பா. நீ அங்க போனா போனதுதான். சரிப்படலன்னு திரும்பி வந்து டயரை உருட்டலாம்னு நெனைக்காத."

இதை ஒரு பெரிய கௌரவம் போல அத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் காய்கறிக் கத்தி ஒரு நொடி நின்று பிறகு நகர்ந்தது. அத்தான் அதோடு நிற்கவில்லை. கடைக்குப் போய் மஞ்சள் நிறத்தில் இரண்டு சட்டை எடுத்து வந்துவிட்டார். கண்ணாடி முன்னால் ஒன்றைப் போட்டுக்கொண்டு, வாங்க வாங்க என்று கையை விரித்துப் பழகினார். வெயிலில் வைத்த வாழைப்பழம் மாதிரி இருந்தார்.

முதலாளியைக் கடைக்குத்தான் அழைத்துப் போவார் என்று நாங்கள் நினைத்தோம். அங்கே கூட்டம், நாற்காலி கிடைக்காது, முதலாளியை நிற்க வைத்துச் சாப்பிடச் சொல்வதா என்று அத்தான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே கூப்பிட்டுவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா என்னை மொட்டை மாடிக்குத் துணி எடுக்கக் கூப்பிட்டாள். துணி இரண்டுதான் இருந்தது.

"நீ படிச்சவன். சொல்லு, நாளைக்கு நான் என்ன பண்ண?"

எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சமும் யோசிக்காமல், வழக்கத்தைவிட நன்றாகச் செய்து வை என்றேன். வெண்ணெயைத் தாராளமாகப் போடு, முதலாளி மயங்கிவிடுவார், அத்தானுக்கு அவர் ஆசைப்பட்ட வேலை கிடைத்துவிடும், சுபம். அக்கா கொடியிலிருந்து கிளிப்பைப் பிடுங்கியபடி என்னைப் பார்த்த பார்வையில் என் பட்டம் சுவரில் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

"அவர் ஓட்டுற கடையில வர்றவங்களுக்கெல்லாம் யாருடா வெங்காயம் வதக்குறது? கல்லைத் தூக்கிட்டு நான் போய் நிக்கவா? பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற அத்தனை பேருக்குமா?"

அந்த மூலையில் ஏற்கெனவே எதிரும் புதிருமாகச் சாப்பாட்டுக் கடைகள். புதுமைக்கு ஒரு மாதம் கூட்டம் வரும். பிறகு மஞ்சள் சட்டைக்குள் அத்தான் மட்டும் நிற்பார். டயர் கடை நாற்காலியில் மச்சினன் மகன் உட்கார்ந்திருப்பான். இதெல்லாம் அவள் சொல்லவில்லை. துணியை மடித்த வேகத்தில் தெரிந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் அத்தானிடம் நேராகவே சொல்லிப் பார்த்தாள். அதற்கும் நான் சாட்சி. ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிடுவது கடையில் கொடுப்பது அல்ல, தான் வெண்ணெயில் வாட்டி, மிளகு போட்டு, வெங்காயம் வதக்கி வைப்பது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அத்தான் கேட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் புரையேறி, நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"கேட்டியா மாப்ள, ஊரே கொண்டாடுற கடைக்கு உங்க அக்கா வெங்காயத்தாலதான் பேரு வந்துச்சாம்."

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போது கண்டிப்பாகச் சொன்னார். "நாளைக்கு உன் கைவரிசை எதுவும் வேணாம். சூடுகூடக் காட்டாத. அவங்க குடுத்தது குடுத்தபடி இருக்கணும். புரியுதா?"

"புரியுதுங்க" என்றாள் அக்கா.



ஞாயிற்றுக்கிழமை அத்தான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினார். டிக்கியில் புதுத் துண்டு. ரயில்வே கேட்டில் அன்றைக்குச் சரக்கு வண்டி. பெட்டிகளை எண்ணி எண்ணிச் சலித்துவிட்டதாகப் பின்னால் சொன்னார். வீட்டுக்கு வந்து பையைக் கொடுத்தார், குளித்தார், மஞ்சள் சட்டையில் வெளியே வந்தார். முதலாளி வெள்ளை வேட்டி சட்டையில் வந்து உட்கார்ந்தார். கதவுக்கு நேர் எதிரே இருந்த என் பட்டத்தைப் பார்த்து, யாருது என்று கேட்டார். என்னுடையது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தான் மஞ்சள் குடையின் வரலாற்றைத் தொடங்கிவிட்டார்.

அக்கா பொட்டலங்களைக் கொண்டுவந்து வைத்தாள். ரப்பர் பேண்டு கடையில் போட்டபடியே இருந்தது. அவள் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. அதைக் கவனித்தது நான் மட்டும்தான்.

முதலாளி தாளைப் பிரித்தார். பன்னின் மேல் தோல் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதைச் சுரண்டி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். இரண்டு கையாலும் தூக்கினார். கீழ்ப்பன் அவரோடு வரச் சம்மதிக்காமல் தொங்கியது. கடித்தார். மென்றார். நாங்கள் எல்லோரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிதானமாக மேலும் கீழும் போய்வந்தது. ஒரு இடத்தில் நின்று யோசித்தது. மறுபடியும் கிளம்பியது.

"தண்ணி இருக்கா?" என்றார்.

அத்தான் அதுவரை தன் பொட்டலத்தைத் தொடவில்லை. முதலாளி விழுங்கி முடித்தபின், பெருமையோடு பிரித்தார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார். கண் பாதியில் திறந்தது. கடித்தார். ஒரு மனிதர் வாய் நிறைய வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல், முதலாளி முன்னால் துப்பவும் முடியாமல் இருப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மஞ்சள் சட்டைக்கு மேலே அந்த முகத்தின் நிறம் ஒத்துப்போகவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் முதலாளி. நம் பாஷையில் இதைவிடக் கடுமையான தீர்ப்பு கிடையாது.

அத்தான் மளமளவென்று பேச ஆரம்பித்தார். இன்றைக்கு ரயில்வே கேட்டில் நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கவனிக்க மாட்டார்கள். பஸ் நிலையக் கிளைக்குப் போயிருக்கலாம். சாஸை இன்னும் கொஞ்சம் கேட்டிருக்க வேண்டும். ஊரார் வெளியூர்க்காரர்களிடம் சொல்லும் அத்தனை பதிலையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். பழைய மாஸ்டர்கூட வந்து போனார். முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, நிஜமான அக்கறையோடு கேட்டார்:

"ஏம்ப்பா, வாராவாரம் இதையா சாப்பிடுறே? வீட்டுல சமையல் எதுவும் பிரச்சனையா?"

குரலைத் தாழ்த்தினாலும் அது சின்ன வீடு. சமையலறை வாசலில் நின்றிருந்த அக்காவின் காதில் விழுந்தது. நான் அவள் பக்கம் திரும்பினேன். மேடைமேல் இன்னும் இரண்டு பொட்டலம் பிரிக்காமல் இருந்தன. வெண்ணெய் டப்பா இருந்தது. நறுக்காத வெங்காயம் கூடையில் இருந்தது. கல், அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. ஊரில் யார் வீட்டுச் சமையலையும் குறை சொல்லலாம், என் அக்கா சமையலைச் சொல்ல முடியாது. எங்கள் கிராமத்தில் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைவிடக் குழம்பை அதிக நேரம் பார்த்தார்கள். அவள் கை அந்தக் கல்லின் பிடி வரைக்கும் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. ஐந்தே நிமிடம் போதும், முதலாளியின் வாயை அடைத்துவிடலாம். அடைத்தால் மூலைக் கட்டடம் மஞ்சள் குடையாகிவிடும்.

கை திரும்பி வந்தது. அவள் டீத்தூள் டப்பாவை எடுத்தாள்.

முதலாளி டீயைக் குடித்துவிட்டு, கட்டடத்துக்கு மெத்தைக் கடைக்காரர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருப்பதாகப் பொதுவாகச் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திங்கட்கிழமை சீக்கிரம் வந்துவிடு, லாரி டயர் சரக்கு இறங்குகிறது என்றார். நாற்காலி பத்திரமாக இருக்கிறது என்பதை அவர் அப்படிச் சொன்னார். அத்தானுக்கு அது அப்போது காதில் ஏறவில்லை.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் அத்தான் சமையலறைக்குள் பாய்ந்தார்.

"என்னடி பண்ணித் தொலைச்ச அதை?"

"ஒன்னும் பண்ணல."

"ஒன்னும் பண்ணாமயா இப்படி இருக்கு?"

"ஆமா. ஒன்னும் பண்ணாததாலதான் இப்படி இருக்கு. நீங்கதானே வேணாம்னீங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். தலைமை வக்கீலுக்கு ஒரு சாட்சியாவது வேண்டும் அல்லவா. நான் என் பட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா பேசிக்கொண்டே கல்லை அடுப்பில் போட்டிருந்தாள். மிச்சமிருந்த பொட்டலத்தில் ஒன்றைப் பிரித்து, ரப்பர் பேண்டை மணிக்கட்டில் மாட்டினாள். அத்தான் கதவில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்தார்: சாஸ் குப்பைக்குப் போவதை, வெண்ணெய் உருகுவதை, மிளகு விழுவதை. வெங்காய வாசனை எழும்பியபோது அவர் மூக்கு தானாக விரிந்தது. அந்த வாசனையைத்தான் இத்தனை காலமும் தாளைப் பிரித்துக் கண்ணை மூடி இழுத்திருக்கிறார். அக்கா தாளில் சுற்றவில்லை. அப்படியே தட்டில் வைத்து நீட்டினாள். மேடையோரம் நின்றபடியே சாப்பிட்டார். இளவயதில் நடைபாதையில் நின்று சாப்பிட்ட பிறகு, நின்று சாப்பிட்ட இரண்டாவது பர்கர் அது.  விரலை நக்கினார், தட்டைக் கழுவி வைத்தார், மஞ்சள் சட்டையைக் கழற்றிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

மூலைக் கட்டடத்தில் இப்போது மெத்தைக் கடை. அத்தான் டயர் கடையில் அதே நாற்காலியில் இருக்கிறார். மச்சினன் மகன் வேறு எங்கோ போய்விட்டான். மஞ்சள் சட்டையில் ஒன்றைப் பஞ்சர் ஒட்டுகிறவர் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார். கிரீஸ் பட்டு அது ஒரு மாதத்தில் கறுப்புக் குடையாகிவிட்டது.

அத்தான் தோற்றுவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. கொஞ்ச நாள் டயரைப் பற்றி மட்டும் பேசினார். பிறகு, மஞ்சள் குடை முன்ன மாதிரி இல்லை, தரம் இறங்கிவிட்டது என்று ஊரில் முதன்முதலில் சொன்னவர் அவர்தான். எப்போதிருந்து என்று கேட்டால், முதலாளி வீட்டுக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்று தேதியோடு சொன்னார். நாலு பேர் அதையும் நம்பி, ஆமாம், அந்த வாரம் எனக்கும் அப்படித்தான் இருந்தது என்றார்கள். எங்கள் ஊர் அப்படி.

ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலம் நின்றுபோயிருந்தது.  ஒரு ஞாயிறு மத்தியானம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தேன். டிக்கியிலிருந்து துண்டோடு பொட்டலங்களை எடுத்தார். ஹேண்டிலில் இன்னொரு பை தொங்கியது. அதில் வெங்காயமும் ஒரு வெண்ணெய்ப் பாக்கெட்டும் இருந்தன. என் கண் அதில் போனதைப் பார்த்துவிட்டார்.

"வழியில மலிவா கெடந்துச்சு மாப்ள" என்றார்.

குளிக்கப் போகவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், பையை மேடைமேல் வைத்துவிட்டு, அங்கேயே நின்றார். அக்கா பையைத் திறந்து பார்த்தாள். பிறகு கத்தியையும் பலகையையும் அவர் பக்கம் தள்ளினாள். அத்தான் வெங்காயம் நறுக்கினார். கண்ணில் நீர் வழிய, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவில், டயர் வெட்டுவது போல நறுக்கினார். இடையில் நிமிர்ந்து என்னிடம் சொன்னார்:

"என்னதான் சொல்லு மாப்ள, மஞ்சள் குடை மஞ்சள் குடைதான்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கறியைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

"பேசுனது போதும். அந்தப் பேப்பரைக் கிழிக்காம எடுத்து வைங்க, சுத்தணும்."

அத்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்து, மெழுகுத்தாளை மேடைமேல் விரித்துச் சுருக்கம் போக நீவினார். பிறகு ரப்பர் பேண்டை எடுத்துத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார்.